புது முதலாளிக்கு எதிராக ஒரு பெட்டிசம்

1

போன சனிக்கிழமை காலை என் மகள் ஜெசிந்தா ஒரு அட்டையில் தாள்களைக் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்றாள்.

நாங்கள் இருப்பது வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர். முந்தி பஞ்சாலைகள் ஓடிய இடம். இப்போது பாதி ஆலைகள் பூட்டிக் கிடக்கின்றன. எங்களுடையது என்று ஊரார் நெஞ்சில் தட்டிச் சொல்ல மிச்சமிருப்பது ஓர் உதைபந்தாட்டக் கிளப்தான். கட்டடச் சாமான் விற்றுப் பணக்காரரான ஒருவர் இந்த வருஷம் அந்தக் கிளப்பை வாங்கியிருக்கிறார். அவர் மைதானத்தை இடித்துக் கடை கட்டப்போகிறார் என்று ஒரு கதை. இல்லை, நல்ல ஆட்டக்காரர்களை வாங்கி மேல் வரிசைக்குக் கொண்டுபோவார் என்று இன்னொரு கதை. என் மகளுக்குப் பதினேழு வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுத்தில் கிளப்பின் சால்வையைச் சுற்றிக்கொண்டு மழையில் போய் நிற்பாள். கோயிலுக்கு வா என்றால் தலையிடி வரும்.

"அப்பா, சைன் பண்ணுங்கோ. பேரும் அட்ரஸும்."

"என்னத்துக்குப் பிள்ளை?"

"கிரவுண்டை விக்கக் கூடாது எண்டு. புது ஓனருக்கு எதிரா."

நான் பேனையைக் கையில் எடுத்தேன். எடுத்தபடியே இருந்தேன். மேலே 'முழுப் பெயர்' என்று ஒரு பெட்டி, பக்கத்தில் 'விலாசம்' என்று இன்னொரு பெட்டி.

"பேர் மட்டும்தானே அப்பா. ஏன் இப்பிடி முழிக்கிறீங்கள்?"

"பின்னேரம் போடுறன் பிள்ளை. கண்ணாடியைக் காணேல்ல."

கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. குசினியில் நின்ற என் மனைவி றோஸ் சிரித்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அவள் பெட்டிசத்தோட வந்து நிக்கிறாள். நீங்கள் முதல்ல இடது கையால எழுதிப் பழகுங்கோ."

மகளுக்கு அது விளங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு அட்டையோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அதுவரை இந்த வீட்டில் றோசுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்த அந்தப் பழைய சங்கதியை ஊரில் இருக்கிற உங்களுக்காவது எழுதிவைக்கலாம் என்று நினைக்கிறேன். உங்களில் சிலருக்கு அந்த மைதானம் நினைவிருக்கும்.

2

திருகோணமலையில் துறைமுகத்துப் பக்கம்தான் நான் பிறந்து வளர்ந்தேன். எஸ்.எஸ்.சி. வரை படித்து, அதிலும் இரண்டு பாடங்களில் தவறியவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கையெழுத்து மட்டும் வடிவாக வரும். எங்கள் தெருவில் கலியாணக் காட் எழுதுவதும், செத்தவீட்டு அறிவித்தல் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் நான்தான். கதைக்காத ஆளுக்கு எழுத்து ஒரு வசதி. எழுதிக் கொடுத்துவிட்டு விலகிப் போய்விடலாம்.

இங்கிலீஷ் நேவிக்குச் சாமான் கொடுத்துவந்த ஒரு கொந்தராத்துக்காரரின் ஸ்டோரில் நான் வேலை செய்தேன். வருகிற சாக்குகளையும் பெட்டிகளையும் எண்ணி, ஸ்டோர் புத்தகத்தில் பதிவது என் வேலை. ஸ்டோருக்குப் பின்னால் கடலோரமாக இருந்த வெறும் வளவில் அவர் ஒரு மைதானம் போட்டு, நங்கூரம் கிளப் என்று ஒன்று தொடங்கியிருந்தார். நீலச் சட்டை, நெஞ்சில் வெள்ளை நங்கூரம். பந்து அவருடையது, சப்பாத்து அவருடையது, இடைவேளையில் கொடுக்கிற தேசிக்காய்த் தண்ணீரும் அவருடையது. ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் துறைமுகத்தில் வேலை செய்தவர்கள், மிச்சப் பேர் கரைவலை இழுப்பவர்கள். பந்து கடலில் விழுந்தால் தோணியில் நிற்கிறவர்கள்தான் எடுத்துத் தர வேண்டும். நாங்கள் வென்றுகொண்டிருந்தால் அவர்கள் துடுப்பைத் தேடிக்கொண்டே நிற்பார்கள். தோற்றுக்கொண்டிருந்தால் பந்து விழ முதலே தண்ணீரில் குதித்துவிடுவார்கள்.

இங்கிலீஷ் நேவி போய் ஐந்தாறு வருஷத்தில் கொந்தராத்துக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கொழும்பில் இருந்த மகனிடம் போவதற்காக ஸ்டோரையும் லொறியையும் மைதானத்து வளவையும் ஒரே கையில் விற்றார். விற்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

வாங்கியவர் தம்பலகாமத்துக் கந்தப்போடியார். நிறைய வயல் உள்ள பெரிய ஆட்களை எங்கள் பக்கம் போடியார் என்றுதான் சொல்வது. அவருக்கு ஒரு நெல் ஆலையும் இரண்டு டிராக்டரும் இருந்தன.

செய்தி வந்த அன்று காசிம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் இருக்க இடமில்லை. கிளப்பின் ஆதரவாளர்கள் கூடுகிற இடம் அதுதான். துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற மிக்கேல் அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. ஒருவரும் அவரைத் தெரிவு செய்யவில்லை. குரல் பெரிது, அவ்வளவுதான்.

"எங்களையும் சேத்து வித்துப்போட்டார்," என்றார் மிக்கேல் அண்ணன். "லொறி, ஸ்டோர், பதினொரு ஆட்டக்காரர். எல்லாம் ஒரே விலை."

"வித்தா என்ன? போடியாரிட்ட கையில காசு இருக்கு. ரெண்டு புதுப் பந்து வரும்," என்றார் காசிம் நானா.

"வரும். வந்த கையோட நங்கூரத்தை அழிச்சுப்போட்டு நெற்கதிர் வை எண்டுவார்."

"வைக்கட்டுமே. நீ நங்கூரத்தையா அவிச்சுத் தின்னுறாய்?"

கடை முழுதும் சிரித்தது. மிக்கேல் அண்ணன் சிரிக்கவில்லை.

"நானா, நீங்க தேத்தண்ணியை ஆத்துங்க. தம்பலகாமத்தில யானையைக் கலைக்கிறதுதான் அவைக்கு விளையாட்டு. பந்தைக் கண்டா அவையின்ர மாடு வெருளும்."

இப்படிப் பகிடியும் பயமுமாக ஒரு வாரம் போனது. பிறகு போடியார் டிராக்டரில் வந்தார். மெலிந்த ஆள், வேட்டி, தோளில் ஒரு துவாய். சில்லுக்கு மேல் இருந்த தகரத்தில் குந்திக்கொண்டு பயிற்சி ஆட்டத்தை முழுதும் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்த ஒருத்தர் மட்டும் கையால பிடிக்கிறார்? ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினம் இல்லையே?"

நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். அந்தக் கேள்வி வேறு யார் காதிலோ விழுந்து, இருட்ட முதல் காசிம் நானாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு ஒருவரும் பகிடி விடவில்லை.

3

அந்த வருஷம் மாரி விடாமல் பெய்தது. மைதானத்தில் கடற்பக்கத்துக் கோல் வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பொங்கலுக்குப் பிறகு முதலாவது ஆட்டம். தண்ணீர் வற்றாவிட்டால் ஆட்டம் வேறு மைதானத்துக்குப் போகும், நாங்கள் பார்க்க ஏலாது.

ஒரு வியாழக்கிழமை டிராக்டர் பெட்டி நிறையச் சாக்குகள் வந்தன. மைதானத்தின் ஓரத்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். ஸ்டோருக்குள் வைக்கவில்லை, என் புத்தகத்திலும் பதிய வரவில்லை. அடுத்த நாள் இன்னொரு பெட்டி வந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மிக்கேல் அண்ணன் கடைக்குள் வந்து மேசையில் அடித்தார்.

"நான் சொன்னனானோ இல்லையோ? நெல்லுக் கொண்டுவந்து அடுக்கியாச்சு. மழை விட்டா எங்கட மைதானத்தில நெல்லுக் காயப்போகுது. கோல் கம்பத்தில கொடி கட்டிக் காகம் கலைப்பினம்."

"தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே. ஆருக்கும் தெரியாம வைக்கிற நெல்லு," என்றார் இன்னொருவர்.

"பதுக்கல்," என்றார் மூன்றாமவர்.

காசிம் நானாகூட அன்றைக்கு எதிர்த்துக் கதைக்கவில்லை. "அப்ப ஒரு பெட்டிசம் அடிப்பம். கச்சேரிக்கு. பெரிய துரை பாத்துக்கொள்ளட்டும்."

கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம். எங்களுக்கு யாரோடும் ஒரு கோபம் என்றால் நேரே போய்க் கேட்க மாட்டோம். பெயர் போடாமல் ஒரு பெட்டிசம் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவோம். தபால்காரனுக்கு எதிராக, சங்கக்கடை மனேஜருக்கு எதிராக, பள்ளிக்கூடத்து அதிபருக்கு எதிராக, எல்லாருக்கும் எதிராக அனுப்பியிருக்கிறோம். அது ஒரு பழக்கம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இதில் நான் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சாக்குகளை இறக்கும்போது ஸ்டோர் வாசலில் நின்று நான் பார்த்தேன். ஓர் ஆள் இரண்டு தோளிலும் ஒவ்வொரு சாக்கை வைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி நடந்து போனான். ஆறு வருஷம் சாக்கு எண்ணியவன் நான். நெல்லுச் சாக்கு ஒன்றைத் தூக்கினாலே முதுகு வளையும். இரண்டைத் தூக்கிக்கொண்டு பாட மாட்டான். அதற்குள் நெல் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆனால் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இடையில் புகுந்து, "நான் ஒண்டு கண்டனான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது ஒரு நிமிஷம் கதையை நிறுத்தினால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நிறுத்தினார்கள். "மரியான், எழுது" என்று சொல்வதற்காக.

"முதலாளி எனக்கும் முதலாளி, அண்ணன்," என்றேன். "என்ர எழுத்தைத் தெரியும் அவருக்கு."

"இடது கையால எழுது."

இடது கையால் இரண்டு வரி எழுதினேன். மிக்கேல் அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை வாசிச்சா துரை எங்களைத்தான் பிடிச்சு அடைப்பார். வலது கையாலயே எழுது. கச்சேரிக்குப் போற தாள் போடியாரிட்ட ஏன் வருது?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மைதானத்தை நெற்களமாக்குகிறார். நெல்லைப் பதுக்குகிறார். வெளியூரில் இருந்து ஆட்டக்காரரைக் கொண்டுவரப் பார்க்கிறார். நங்கூரத்தை அழித்து நெற்கதிர் போட உத்தேசித்துள்ளார். கடைசியில், "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பொதுமக்கள்."

அன்றைக்கே தபாற்பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து றோசிடம் சொன்னேன். அவள் அப்போது ஜெசிந்தாவை வயிற்றில் வைத்திருந்தாள்.

"வேலை தாற மனிசனுக்கு எதிரா எழுதினீங்களோ? என்ன கதை இது?" என்றாள்.

4

இங்கே பஸ் டிப்போ ஒன்றின் ஸ்டோரில் எனக்கு வேலை. சாக்குக்குப் பதிலாக இப்போது பிறேக் சாமான் எண்ணுகிறேன். வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். என் பெயர் சவிரிமுத்து மரியநாயகம். பெட்டி போதாமல் பாதியில் நின்றுவிட்டது. அங்கே இருந்த பெண், எழுதியிருந்த மட்டும் பதிந்துகொண்டாள். பதின்மூன்று வருஷமாக நான் எல்லாருக்கும் மிஸ்டர் மாரி. திருத்திச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன்.

டிப்போவின் சாப்பாட்டறையில் இந்த இரண்டு மாதமாகப் புது முதலாளியின் கதைதான். காசிம் நானாவின் கடை இங்கே வந்துவிட்டது போலிருக்கும். சட்டையின் நிறத்தை மாற்றுவாராம் என்று ஒருவர். மாற்றினால் மாற்றட்டும், கோல் அடிக்கிற ஒருவனை வாங்கினால் போதும் என்று இன்னொருவர். என்னோடு வேலை செய்கிற ஆர்தர் என்பவர் ஐம்பது வருஷம் அந்தக் கிளப்பைப் பார்த்தவர். போன மாதம் அவர் மதிய இடைவேளையில் பஸ் ஏறிப்போய், புது முதலாளியின் கந்தோர் வாசலில் நின்று, "மைதானத்தை விற்பீரா, மாட்டீரா" என்று கேட்டுவிட்டு வந்தார். பதில் கிடைக்கவில்லை. வாசற்காரன் நல்லவன் என்று மட்டும் சொன்னார்.

நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டிருப்பேன். "நீ என்ன நினைக்கிறாய் மாரி?" என்று கேட்டால், சிரிப்பேன்.

5

பெட்டிசம் போட்ட அடுத்த திங்கட்கிழமை காலை நான் ஸ்டோருக்குப் போகும்போது, போடியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோல் வாசலில் சேற்றுக்குள் நின்றார். தார்ப்பாய் விலக்கியிருந்தது. அவரும் இரண்டு ஆட்களும் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிக்கேல் அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் அன்றைக்குச் சின்னதாக இருந்தது.

"என்ன முதலாளி இது?"

"உமி," என்றார் போடியார்.

"உமியோ?"

"ஓம். தண்ணியை உறிஞ்சும். பிறகு கொஞ்சம் களிமண்ணையும் போட்டு நாலு பேர் நல்லா மிதிச்சா இறுகீடும். நெல்லடிக்கிற எங்கட சூட்டுக் களத்துக்கும் இப்பிடித்தான் செய்யிறனாங்க. நனைஞ்சா சரிவராது, அதுதான் மூடி வைச்சனான். பொங்கல் கழியப் பந்தடி இருக்கெல்லோ?"

மிக்கேல் அண்ணன் குனிந்து ஒரு பிடி உமியை அள்ளிப் பார்த்தார். கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் சாக்கில் இருப்பது நெல்லா உமியா என்று யோசிக்கத் தோன்றவில்லை. உமி என்ற ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். எங்களுக்கு அரிசி கடையில் இருந்துதான் வரும். போடியாருக்கோ, உமியை இன்னதென்று தெரியாத ஆட்களும் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதனால் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

மிக்கேல் அண்ணன் என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"மரியான், ஓடிப்போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி எடு."

தபாற்கந்தோரில் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நான் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். என் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

"போட்ட கடிதம் திருப்பித் தர ஏலாது தம்பி."

"பிழையாப் போட்டிட்டன் ஐயா."

"உள்ளுக்குள்ள உங்கட பேர் இருக்கோ?"

"இல்லை."

"கவருக்குப் பின்னால?"

"இல்லை."

"அப்ப அது உங்கட கடிதம் இல்லையே," என்றார். எப்படியும் அது சனிக்கிழமையே கச்சேரிக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் போடியார் கிளப்புக்கு ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வந்தார். அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. கோல் கம்பங்களுக்குப் புதுப் பலா மரம் கொண்டுவந்தார். ஆட்டக்காரரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சப்பாத்து அளவு கேட்டு, என்னிடம் எழுதச் சொன்னார். அளவு எழுதும்போது என் எழுத்து எனக்கே பிடிக்கவில்லை. இதற்கிடையில் ஒரு செய்தி வந்தது. மர வியாபாரி ஒருவர் அந்த வளவை நல்ல விலைக்குக் கேட்கிறாராம். போடியார் "பாப்பம்" என்று சொன்னாராம். பெட்டிசத்தைக் கண்டு மனம் வெறுத்தால் அவர் வளவை விற்றுவிட்டுத் தம்பலகாமத்துக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் மைதானமும் இல்லை, கிளப்பும் இல்லை, என் வேலையும் இல்லை. இரவில் றோஸ் நித்திரை என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன். அவளும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

6

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை, பத்து மணி இருக்கும், போடியார் ஸ்டோருக்குள் வந்து என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். இடுப்பு மடியில் இருந்து ஒரு நீளக் கவரை எடுத்தார். கச்சேரிக் கவர்.

"தம்பி, ஒரு பதில் எழுத வேணும்."

மேலே இருந்த கடிதம் சிங்களத்தில் இருந்தது. போடியார் சிங்களம் கதைப்பார், வாசிக்க மாட்டார். தம்பலகாமத்தில் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்திருந்தார். உம்மைப் பற்றி இப்படி ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது, பிரதி இணைக்கப்பட்டுள்ளது, பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று இருந்ததாம். பிரதி எடுக்க யாருக்கோ பஞ்சியாக இருந்திருக்க வேண்டும். இணைத்திருந்தது பெட்டிசத்தையேதான். என் கையால் எழுதியது. என் மேசையில்.

"முதல்ல இதை வாசிச்சுக் காட்டுங்க. எனக்குக் கண் மங்கல். என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கினம் எண்டு வடிவாக் கேக்க வேணும்."

நான் வாசித்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு தடவை மேடையில் ஏறி வாசித்த பிறகு, சத்தம் போட்டு ஒன்றையும் வாசித்தது இல்லை. நெற்களம் என்ற இடத்தில் அவர் தலையாட்டினார். வெளியூர் ஆட்டக்காரர் என்ற இடத்தில், "தம்பலகாமத்தில ஆர் பந்தடிக்கிறான்?" என்றார். நெற்கதிர் என்ற இடத்தில் சிரித்துவிட்டார்.

"அது நல்ல யோசனை. எனக்குத் தோணேல்ல."

நெல்லைப் பதுக்குகிறார் என்ற வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

"அது மட்டும் பிழை தம்பி. மிச்சத்தைப் பகிடி எண்டு விடலாம். பதுக்கிறான் எண்டு ஒரு பேர் வந்தா என்ர ஆலையைப் பூட்டுவினம்."

நான் தாளை மேசையில் வைத்தேன்.

"ஐயா, பதிலை வேற ஆரையும் கொண்டு எழுதுவிச்சா நல்லம்."

"ஏன்?"

"என்ர எழுத்து..."

போடியார் கை நீட்டி, என் ஸ்டோர் புத்தகத்தை இழுத்து, திறந்து, பெட்டிசத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கண் மங்கல் என்று சொன்னவர் ஒரு எழுத்தில் விரலை வைத்தார், மற்றத் தாளிலும் அதே எழுத்தில் விரலை வைத்தார்.

"கச்சேரியில இந்த எழுத்தை வாசிச்சுப் பழகீட்டினம். அதே எழுத்தில பதிலும் போனா அவைக்கு வாசிக்கச் சுகமாயிருக்கும்."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. வெளியில் யாரோ பெட்டி இறக்குகிற சத்தம் கேட்டது. நான் எழும்பி நின்றேன். வேலையை விட்டுப் போவதற்குத்தான் எழும்பினேன் என்று நினைக்கிறேன்.

"இருங்க தம்பி. ஒரு சாக்கைத் திறந்து பாத்திருக்கலாமே?"

"ரெண்டு சாக்கை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டனான் ஐயா."

"கண்டிட்டு?"

"நெல்லெண்டா அப்பிடித் தூக்க ஏலாது எண்டு விளங்கினது."

"அதைச் சொல்லேல்லையோ?"

"எல்லாரும் கதைச்சுக்கொண்டிருந்தவை."

அவர் மேசையில் கிடந்த பேனையை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப ஒருத்தரும் கதைக்கேல்ல," என்றார். "இப்ப எழுதுங்க."

அவர் சொல்ல எழுதினேன். நீளமில்லை. மைதானம் மைதானமாகவே இருக்கும். சாக்கில் இருந்தது உமி, அது இப்போது கோல் வாசலில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். அவர் கீழே கையெழுத்து வைத்தார். வைத்து முடிய, நான் அவரிடம் கேட்காமலே இன்னும் மூன்று வரி எழுதினேன்.

"மேற்படி சாக்குகளை ஓர் ஆள் இரண்டிரண்டாகத் தூக்கிச் சென்றதை நான் நேரில் கண்டேன். அவற்றில் நெல் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். முந்திய கடிதத்தை எழுதிய கையும் இதை எழுதும் கையும் ஒன்றே."

அதன் கீழே என் முழுப் பெயரையும், வேலையையும், வீட்டு விலாசத்தையும் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"கடைசி வரி தேவையில்லையே," என்றார் போடியார்.

"இருக்கட்டும் ஐயா."

7

பத்து நாள் கச்சேரியில் இருந்து என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. பதினோராம் நாள் வந்த கடிதத்தில், விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை என்று ஒரே ஒரு வரி. அன்றைக்கு மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன் என்று றோஸ் இன்றைக்கும் சொல்வாள்.

அந்தக் கடிதத்தை முதல் ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார் போடியார். வாசித்தேன். வாசித்து முடிய முதலே மிக்கேல் அண்ணன் கூட்டத்துக்குள் இருந்து பெரிய குரலில், "ஆரப்பா அந்தப் பெட்டிசம் அடிச்ச நன்றிகெட்டவன்?" என்று கேட்டார். காசிம் நானா தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. போடியார் கேட்காத மாதிரிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோல் வாசல் பாய் விரித்த மாதிரி இருந்தது. அன்றைய ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

மர வியாபாரிக்கு வளவு போகவில்லை. நான் ஊரைவிட்டு வரும்வரை போடியார்தான் முதலாளி. கடைசி வரையில் ஓப்சைட் என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் வருஷம் ஆட்டக்காரர்களே கூடிப்பேசி, நங்கூரத்துக்குக் கீழே ஒரு சின்ன நெற்கதிர் தைக்கச் சொன்னார்கள். மிக்கேல் அண்ணன்தான் தையற்காரனுக்கு அளவு காட்டினார்.

இதை எல்லாம் போன சனிக்கிழமை பின்னேரம் ஜெசிந்தா திரும்பி வந்தபோது, பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலுமாக அவளுக்குச் சொன்னேன். அவள் சால்வையைக் கழற்றாமலே இருந்து கேட்டாள். நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அவளுக்குப் புதுமையாக இருந்திருக்கும்.

"அப்ப நீங்கள் நினைக்கிறீங்கள், நாங்களும் பிழையாச் செய்யிறம் எண்டு?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. அந்த மனிசனிட்ட ஆரும் போய்க் கேட்டவையோ எண்டு மட்டும்..."

"ரெண்டு லெட்டர் போட்டனாங்கள். பிறகு போன். பிறகு அவரிட்ட நேரா போனனாங்கள், நானும் வேற நாலு பேரும். விப்பன் எண்டும் சொல்லேல்ல, விக்க மாட்டன் எண்டும் சொல்லேல்ல அவர். அதுக்குப் பிறகுதான் இது."

அட்டையை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி வெறுமையாக இருந்தது. எனக்காக விட்டிருந்தாள். இரண்டாம் வரியில் அவளுடைய பெயர், அவளுடைய விலாசம், கீழே அந்தத் தெருவில் இருந்த முப்பது நாற்பது பேர். ஆர்தரும் இருந்தார். ஒருவரும் இடது கையால் எழுதவில்லை. இந்தப் பிள்ளைக்கு என் மொழி பாதிதான் வந்திருக்கிறது, கோயில் கால்வாசிதான் வந்திருக்கிறது என்று நான் எத்தனையோ நாள் மனம் நொந்திருக்கிறேன். என் பயமும் அவளுக்கு வரவில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

புது முதலாளி என்ன செய்வார் என்று இன்னும் தெரியாது. நல்லவராகவும் இருக்கலாம். இவர்கள் கேட்டிருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள். பிழையாக இருந்தாலும் யாருடைய பிழை என்று தெரியும்.

மரியநாயகம் என்று முழுதாக எழுதினேன். பெட்டி போதாமல் விலாசத்துக்குள் போய்விட்டது. ஜெசிந்தா அம்புக்குறி ஒன்று போட்டு, விலாசத்தைப் பக்கத்தில் எழுத இடம் காட்டினாள்.